கூடவந்தாள் வளைவு

நான் பிறந்த திமிரிப் பக்கத்துப் பேய்கள் ஓரிடத்தில் நிற்பவை. ஏரிக்கரைப் புளியமரம், பாழ்ங்கிணறு, இடிந்த செங்கற்சூளை என்று அவற்றுக்கு நிலையான இருப்பிடம் உண்டு. அவ்விடத்தை விலகி நடப்பவருக்கு அவற்றால் தொல்லையில்லை. மலைப்பேய்கள் அவ்வாறல்ல என்பதைச் சென்ற தை மாதத்தில் இரண்டு நாள் பயணத்தில் அறிந்தேன். அவை பாதைகளில் வாழ்கின்றன. வண்டியில் ஏறுகின்றன, பீடிக்கு நெருப்புக் கேட்கின்றன, பாதி வழியில் இறங்கிக்கொள்கின்றன. சமவெளியில் மனிதன்தான் பேயிருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். மலையில் பேய் மனிதனோடு வருகிறது.

என்னை மலைக்கு அனுப்பியவர் அன்வர் பாய். காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துப் பெரிய தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை ஆம்பூரில் நடத்துகிறார். அவர் மகள் கல்லூரியில் என்னிடம் தமிழ் படித்தவள். அந்த உறவில் எங்கள் பழக்கம் தொடர்கிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர், பட்டறையின் பின்னறையில் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் வரவழைத்து வைத்துவிட்டு, நான் இரண்டாம் கவளம் எடுக்கும்வரை பொறுத்திருந்து செய்தியைச் சொன்னார். தைக்கும் கைகள் போதவில்லை. சவ்வாது மலையில் கடுக்கொல்லை என்னும் சிற்றூரில் பன்னிரண்டு பெண்கள் தைக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். தோலும் நூலும் மேலே போனால் போதும், வேலை அங்கேயே நடக்கும். ஆனால் அவ்வூருக்குள் தோல் போகக் கூடாதாம்.

"ரோட்டுல ஒரு பேய் இருக்குதாம் டீச்சரம்மா. சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு நான் இன்னான்னு மெயில் போடுவேன்? டெலிவரி லேட்டு, காரணம் பேயின்னா?" என்றார். சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் ஊரார் ஒப்பாவிட்டால் மலையடிவாரத்தில் ஆயத்தமாக இருக்கும் வேறோர் ஊருக்கு வேலையைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நான்கு ஆண்டுகளாக மலைப்பாதைக் கதைகளை எழுதி வைத்துவருபவள் நான் என்பதும், ஊரார் ஓர் ஆசிரியையின் முன்னால் குரலை உயர்த்த மாட்டார்கள் என்பதும் அவர் கணக்கு.

வேலைக்கு ஆசைப்பட்டவர்களுள் முதல்வி செல்வி. கடுக்கொல்லைக்காரி, இருபத்தாறு வயது. அன்வர் பாயின் பட்டறையில் அவளைப்போல் தைப்பவர் இல்லை. கணவன் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருக்கிறான். இவள் ஆம்பூரில் நான்கு பெண்களோடு ஒற்றை அறையில் தங்கி, மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறாள். நான்கு வயது மகள் மலரை வளர்ப்பவள் நாத்தனார் ராமாயி. மலையில் வேலை தொடங்கினால் செல்விதான் அதற்கு மேற்பார்வை, வீட்டிலேயே இருக்கலாம். இவ்வளவையும் அன்வர் பாய் சொல்லிக்கொண்டிருக்கையில் ஊராருக்குக் காட்டுவதற்கான தோலும் நூலும் இட்ட சாம்பிள் பையின் வாயைச் செல்வி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போனபின் ஒன்று மட்டும் சொன்னாள்.

"எம் பொண்ணு ராமாயி அண்ணியத்தான் அம்மான்னு கூப்புடுது டீச்சர். என்னை ஆம்பூரம்மான்னு கூப்புடுது."

அதைக் குறையாகச் சொல்கிறாளா, செய்தியாகச் சொல்கிறாளா என்று அவள் குரலிலிருந்து அறிய முடியவில்லை.

மறுநாள் காலை நானும் செல்வியும் புறப்பட்டோம். ஜீப்பின் ஓட்டுநர் பாபு சோலையார்பேட்டைக்காரன், இரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். தண்டவாளத்தில் ஓடவேண்டிய குடும்பத்தில் பிறந்து வளைவுகளில் ஓடும்படி ஆகிவிட்டதைத் தானாகவே சொல்லி நொந்துகொண்டான். அவன் வண்டியின் முன்புறத்தில், எண் பலகைக்கு மேலே, குழந்தையின் ஒற்றைத் தோற்செருப்பு தொங்கியது. எங்கள் வட்டாரத்து லாரிகள் பலவற்றிலும் அதைக் காணலாம். கண்ணேறு படாமலிருக்க என்று நான் எண்ணியிருந்தேன். பாபு அதைத் திருத்தினான்.

"கண்ணுக்கும் ஆவும், அதுக்கும் ஆவும் மேடம். தோலுன்னா அதுங்களுக்கு ஆவாது. நம்ம ஆம்பூர்ல பேய்க்கதை ஏதாச்சும் கேட்டிருக்கீங்களா? ஒண்ணுகூட இருக்காது. நம்ம தோலு பதம் பண்ற ஷாப்பு நாத்தத்துக்கு மனுசனே இருக்கறது ஜாஸ்தி."

அடிவாரத்துத் தேநீர்க்கடையில் மசால்வடை தின்று மேலேறத் தொடங்கியதும் அவன் கதைகளும் ஏறத் தொடங்கின. மூன்றாம் வளைவில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நெருப்புக் கேட்பார். தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடவேண்டும். கையில் கொடுத்தால் விரல் மரத்துப்போகும். ஓடை குறுக்கிடும் இடத்தில், ஆள் இல்லாத உச்சிப்பொழுதில் துணி துவைக்கும் ஓசை கேட்கும். ஒவ்வொரு கதையையும் அதற்குரிய இடம் வந்தபின்தான் சொன்னான். இரண்டு வளைவுகளுக்கு இடையில் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. வெள்ளை வேட்டிக்காரர் நிற்கும் வளைவில் சாலையோரம் சரிந்து பள்ளமாகியிருந்தது. துணி துவைக்கும் ஓடை மழையில் திடீரென்று பெருகுவது. ஆபத்துள்ள இடங்களுக்கு முன்னோர் வைத்த எச்சரிக்கைப் பலகைகளே இக்கதைகள் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியபோது அவ்விளக்கம் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

எந்தக் கதைக்கும் உட்படாத இடத்தில் வண்டி நின்றது. எஞ்சினின் நீர்த்தொட்டி கொதித்து ஆவி கிளம்ப, பாபு இறங்கி மூடியைத் துணியால் பற்றித் திறந்து, கையைச் சுட்டுக்கொண்டு ஊதினான். நானும் செல்வியும் ஓடைக்குத் திரும்பி நடந்து நெகிழிக் குப்பிகளில் நீர் கொண்டுவந்தோம். துவைக்கும் ஓசை எதுவும் கேட்கவில்லை. உச்சிப்பொழுதுதான், ஆனால் நாங்கள் இருவர் இருந்தோம். ஆள் இல்லாதபோதுதானே அது கேட்கும் என்றாள் செல்வி. இக்கதைகளைப் பொய்ப்பிக்க வழியே கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

கதைகளுள் பெரியதைப் பாபு கடைசிக்கு வைத்திருந்தான். அவன் அதை டோலி வளைவு என்றான். எந்த வண்டியானாலும் அவ்விடத்தில் பின்பாரம் கூடுமாம். வண்டிக்கு அடியில் வில்தகடு தாழ்வது காதில் கேட்குமாம். யாரோ ஏறி உட்கார்ந்துகொண்டு மேலே ஊர்வரையோ கீழே தார்ச்சாலைவரையோ வருவாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் விளையாட்டில்லை.

வளைவுக்கு இருநூறு அடி முன்னால் வண்டியை நிறுத்தினான். சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் ஒரு பாறை. அதன்மேல் இருந்தவற்றைக் கண்டு வியந்தேன். இரண்டு இடைவார்கள், ஒரு பணப்பை, தோல்வாரோடு ஒரு கைக்கடிகாரம், சுருட்டி வைத்த கைப்பை. கடுக்கொல்லைப் பள்ளிக்கு வரும் ஆசிரியர், வனக்காவலர், தேன் வாங்க வருபவர் என்று மேலே செல்வோர் அனைவரும் தோலாலான பொருள்களை இங்கே வைத்துவிட்டுப் போய், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறார்கள். இதுவரை ஒன்றுகூடக் களவு போனதில்லை. ஆசிரியர் இடைவார் இல்லாமல் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவதாகச் செல்வி சொன்னாள். நான் என் கடிகாரத்தையும் கைப்பையையும் வைத்தேன். அவள் சாம்பிள் பையை வைத்தாள்.

பாபுவின் நிலைதான் இரங்கத்தக்கது. வண்டியில் தொங்கும் செருப்பில்லாமல் அவனால் வளைவைத் தாண்ட முடியாது. செருப்போடு தாண்ட ஊர் விடாது. எங்களை இறக்கிவிட்டு, மறுநாள் பகலில் வருவதாகச் சொல்லி, அவ்விடத்திலேயே முன்னும் பின்னுமாக ஏழெட்டு முறை ஒடித்து வண்டியைத் திருப்பினான். வளைவின் பக்கம் ஒருமுறையும் பார்க்கவில்லை.

மீதியிருந்த மூன்று கல் தொலைவு மண்பாதை. வளைவை நெருங்கியதும் செல்வி முக்காட்டைச் சரிசெய்து, பக்கத்து வீட்டு வாசலைக் கடப்பவள்போல் இயல்பாக, "வந்துட்டேங்க்கா" என்றாள்.

யாரிடம் சொல்கிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் அதே கதையின் மறுபாதி கிடைத்தது. பாதையே வெட்டப்படாத காலத்தில் பேறுகால நோவெடுத்த ஒருத்தியைக் கொம்பில் கட்டிய தூளியில், பாபு சொன்ன டோலியில், தூக்கி வந்தார்கள். இந்த வளைவில் உயிர் போய்விட்டது. அவள் பெயர் ஊரில் எவருக்கும் நினைவில்லை. கூடவந்தாள் என்பதே இப்போது பெயர். அன்றுமுதல், தனியாக இறங்குகிறவருக்கும் தூளியில் போகிறவருக்கும் அவள் தார்ச்சாலைவரை துணைவருகிறாள்; தூளியானால் அவளும் தோள் கொடுப்பாள், சுமை குறையும். மழைக்காலத்தில் எந்த வண்டியும் இங்கே ஏறாது, இன்றும் தூளிதான்.

பாபு சொன்னதும் இதுவும் ஒரே நிகழ்ச்சி. பின்னால் யாரோ ஏறிக்கொள்கிறார் என்பதில் இருதரப்புக்கும் ஒத்த கருத்து. கீழிருந்து வருகிறவன் அதனால் அஞ்சுகிறான்; மேலிருந்து இறங்குகிறவள் அதனால் அச்சம் நீங்குகிறாள். தோல் அவளுக்கு ஆகாது என்பதையும் இருவரும் நம்புகிறார்கள். கடுக்கொல்லையின் கவலை பேய் வந்துவிடுமே என்பதன்று, போய்விடுமே என்பது. காலையில் குறிப்பேட்டில் எழுதிய வரியை நடந்துகொண்டே மனத்துக்குள் அடித்தேன்.

கடுக்கொல்லையில் நாற்பது வீடுகள் இருக்கலாம். சாமை அறுவடை முடிந்து களங்கள் வெறிச்சென்றிருந்தன. ராமாயி எங்களுக்குச் சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும் கொள்ளுத்துவையலும் இட்டாள். ஆம்பூரில் முந்தைய நாள் உண்டது நாவைவிட்டு அகலாதது. இது வயிற்றுக்கு இதமானது. மலர் அவள் முந்தானையைப் பற்றியபடி நின்று, "ஆம்பூரம்மா எப்ப போவும்?" என்று கேட்டது. வந்த விருந்தாளியைப் பற்றி வீட்டாரிடம் கேட்பதுபோல்தான் கேட்டது. ராமாயி அதன் வாயைப் பொத்தினாள். செல்வி தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

ஞாயிறு காலை, ஊர் கூடுவதற்கு முன்னர், செல்வி என்னைக் கடுக்காய் மரங்களின் பக்கம் அழைத்துப்போனாள். பழைய நாளில் இங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கடுக்காய் இறங்கி ஆம்பூர், மேல்விஷாரத் தோல் தொட்டிகளுக்குப் போயிற்று. தோலைப் பதப்படுத்தியது இம்மலையின் காய். அந்தத் தோல்தான் இம்மலைக்குள் வரக் கூடாது. இதை நான் சொன்னபோது அவள் செவியில் விழுந்ததாகத் தெரியவில்லை. தரையில் கிடந்த காய்களைக் காலால் ஒதுக்கியபடி வேறொன்றைச் சொன்னாள்.

கையால் தைப்பவர்கள் நூல் அறுக்காமலிருக்க உள்ளங்கையில் ஒரு தோல்பட்டை சுற்றிக்கொள்வார்கள். முந்தின ஆண்டு ஐப்பசியில், விடுப்பில் கிளம்பிய அவசரத்தில், அப்பட்டையைக் கழற்றிப் பையின் பக்கவாட்டில் செருகியிருக்கிறாள். பாறையில் பையைச் சோதிக்க நினைவில்லை. ஊரில் நான்கு நாள் இருந்துவிட்டு ஆம்பூர் திரும்பிய பிறகே கண்டெடுத்தாள். அந்த நான்கு நாள்களுக்குள்தான் முனியன் மனைவி பாஞ்சாலையைப் பேறுகாலத்துக்குத் தூளியில் தூக்கினார்கள். அவள் தார்ச்சாலையை உயிரோடு காணவில்லை.

"நான் தோல கொண்டாந்தேன், அவ வெலகிப் போய்ட்டா, பாஞ்சால செத்துட்டா. அப்படித்தானே டீச்சர்?"

அப்படியில்லை என்று உடனே மறுத்தேன். குருதிப்போக்கு, மழை, மருத்துவமனையின் தொலைவு என்று காரணங்களை அடுக்கினேன். இரண்டும் ஒரே வாரத்தில் நேர்ந்தது தற்செயல், ஒரு கை அகலத் தோல்துண்டுக்கும் ஓர் உயிருக்கும் தொடர்பில்லை என்றேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"அப்போ கூடவந்தாளும் இல்லன்றீங்களா?"

அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்க நான் கொண்டுவந்த அறிவு, ஒவ்வொரு மாதமும் அந்த வளைவில் அவள் பேசிக்கொண்டிருக்கும் ஒருத்தியை இல்லாமலாக்கிவிடும். அவளுக்கு இரண்டும் வேண்டும்: கூடவந்தாளும் இருக்கவேண்டும், பாஞ்சாலையின் சாவுக்குத் தானும் பொறுப்பாகக் கூடாது. அப்படியொரு வழி என் படிப்பில் இல்லை. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். சொன்னால் வேலை மட்டுமன்று, மகள் இருக்கும் ஊரே அவளுக்கு இல்லாமற் போகலாம். அவள் தலையசைத்தாள்.

பள்ளியின் சிமெண்டு முற்றத்தில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் ஐம்பது வயதுக்காரர், மென்மையாகப் பேசுபவர். அன்வர் பாய் சொல்லியனுப்பியவற்றை நான் எடுத்துரைத்தேன். மதிய உணவு நேரம் உட்பட எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். பெண்கள் இடப்புறம் ஒன்றாக உட்கார்ந்திருந்தனர். வேலை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை, தோல்தான் தடை. ரெக்சினில் தைக்கக் கூடாதா என்று ஓர் இளைஞன் கேட்க, "ரெக்சின் ஷூவ நீ போட்டுக்க, வெள்ளக்காரன் போடமாட்டான்" என்று இன்னொருவன் சொல்ல, சிறிது சிரிப்பு எழுந்து அடங்கியது.

கவுண்டர் முடிவைச் சினமின்றிச் சொன்னார். தோல் இதுவரை வளைவைத் தாண்டியதில்லை. தாண்டாதவரை அவள் இருந்து வந்திருக்கிறாள். "வேல நாளைக்கு வேற வரும் டீச்சர். அவ போய்ட்டா யாரக் கூட்டியாந்து அங்க நிறுத்தறது?" என்றார். கூட்டம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. சிலர் எழுந்து துணியைத் தட்டத் தொடங்கினர். அடிவாரத்து ஊருக்கே வேலையைக் கொடுத்துவிடுங்கள் என்று அன்வர் பாயிடம் எப்படிச் சொல்வது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

செல்வி எழுந்து நின்றாள்.

"தாண்டியிருக்குது மாமா. நான் கொண்டாந்தேன்."

கடுக்காய் மரங்களுக்கடியில் என்னிடம் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னாள். பாஞ்சாலையின் பெயரையும் விடவில்லை. அவள் ஏன் அவ்வாறு செய்தாள் என்று பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்தேன். வேலைக்காக என்றால் அது மடத்தனமான வழி. ஊரில் தங்கி வாழப்போகிறவள், இதை வைத்துக்கொண்டு நாள்தோறும் முனியன் வீட்டைக் கடந்து தண்ணீருக்குப் போக முடியாது என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவளால் சுமக்க முடிந்ததை அங்கேயே இருப்பவளால் சுமக்க முடியாது.

ராமாயி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி, "பாவி" என்றாள், உரக்கச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

முனியன் சுவரோரம் குந்தியிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு சிறுவர்கள் அவர் முழங்காலில் சாய்ந்திருந்தனர். அவர்களை விலக்கிவிட்டு எழுந்தார். செல்வியை அடிக்கப்போகிறார் என்று எண்ணி நானும் எழுந்துவிட்டேன். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கவுண்டரிடம் பேசினார்.

"அன்னிக்கு நான்தானே முன்கொம்பு புடிச்சேன். வளைவு வரைக்கும் தோளு கழண்டு போச்சு. வளைவு தாண்டினதும் பாரம் கம்மி ஆச்சு. பின்கொம்பு புடிச்ச சின்னத்தம்பியக் கேளு."

சின்னத்தம்பி என்பவர் தலையசைத்தார். தனக்கும் அவ்வாறே இருந்தது என்றும், அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை என்றும் சொன்னார்.

"ரோட்டுக்குப் போனா பொணம். அப்புறம் இத யார்கிட்ட சொல்றது? அவ வந்தான்னு சொன்னா, வந்து இன்னாத்துக்கு ஆச்சுன்னு கேப்பாங்க. நானே கேட்டேன்." என்றார் முனியன். "அவ காப்பாத்தறவ இல்லண்ணே. அவளே செத்தவ. அவளால இன்னா முடியும்? கூட வருவா. அன்னிக்கும் வந்தா. இந்தப் பொண்ணு பையில தோலு இருந்த அன்னிக்குத்தான் வந்தா."

பிறகு உட்கார்ந்து சிறுவர்களை மீண்டும் முழங்காலோடு சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னது உண்மையா என்று நான் ஆராயப்போவதில்லை. தூளி தூக்குபவர்களுக்கு ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் சுமை குறைந்ததாகத் தோன்றலாம். அவ்வளைவுக்குப் பிறகு பாதை இறங்குகிறது. நானே நடந்து பார்த்தேன். ஆனால் மனைவியை இழந்த ஒருவர், பழியைப் போட ஓர் ஆள் தானாக வந்து நின்றபோது, அதை மறுத்தார். அந்தச் செயலுக்குப் பாதையின் சரிவு விளக்கமாகாது.

முதலில் வாய் திறந்தவள் "பாவி" என்று சொன்ன அதே பெண்தான். கொண்டுவந்தது தவறன்று, சொல்லாமல் கொண்டுவந்ததுதான் தவறு என்றாள். வீட்டுக்குள் ஒரு பொருள் வருகிறதென்றால் வீட்டிலிருப்பவளிடம் சொல்லவேண்டாமா என்று கேட்டாள். கவுண்டர் அதைச் சற்றே அசைபோட்டார். பெண்கள் அவர் சொல்லுக்குக் காத்திராமல் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டனர். சரி, போய்ச் சொல்லுங்கள் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

பகல் சாய்வதற்கு முன்பே இருபது முப்பது பேர் இறங்கினோம். பாபு பாறையருகில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். மேலிருந்து இத்தனை பேர் ஒன்றாக வருவதைக் கண்டு வண்டிக்குள் ஏறி அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். செல்வி பாறையிலிருந்து சாம்பிள் பையை எடுத்தாள். அதைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. இரு கைகளிலும் ஏந்தி வளைவுவரை நடந்தாள். அங்கே பாதையின் உட்புறத்தில் மண்ணில் வைத்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினாள். வழிபாடு போல் இருக்கவில்லை. சந்தையிலிருந்து வந்தவள் வாங்கிய பொருள்களை வீட்டாருக்குக் காட்டுவதுபோல் இருந்தது.

"இது ஆட்டுத்தோலுக்கா. சுத்தமா பதம் பண்ணது, நாத்தம் இல்ல. இது மெழுகு நூலு. இது ஊசி. பன்னெண்டு பேருக்கு வேல. போன தபா சொல்லாம கொண்டாந்துட்டேன், தப்புதான். இனிமே எது வந்தாலும் சொல்லிட்டுத்தான் எடுத்தாருவோம்."

கற்பூரம் இல்லை, பூப்போட்டுக் கேட்கவில்லை, பல்லி சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. எந்தக் குறியும் தோன்றவில்லை. எவரும் குறி எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிறைவோடு பெண்கள் பொருள்களை மீண்டும் பைக்குள் இட்டனர். ஒருத்தி தோலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள், மற்றவர்கள் நகைத்தனர். முனியன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அனைவருக்கும் முன்னால் நடந்தார். வளைவைத் திரும்புமுன் நின்று, இத்தையல் வேலையை ஆண்கள் கற்றுக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டுக் கீழே வேலைக்கு இறங்க இயலவில்லை என்றார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

செல்வி என்னோடு பாறைவரை வந்து கைப்பையையும் கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். வண்டியில் ஏறவில்லை. திங்கட்கிழமை பட்டறைக்கு வரவேண்டுமா என்று கேட்டதற்கு அதையும் அன்வர் பாயிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவள் திரும்பி நடந்து வளைவில் மறையும்வரை பாபு வண்டியைக் கிளப்பவில்லை.

வரும் வழியில் அவன் கதை எதுவும் சொல்லவில்லை. மேலே நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தான். தேநீர்க்கடைக்கு அருகில் கைப்பேசிக்கு உயிர் வந்ததும் அன்வர் பாயின் அழைப்பு வந்தது. எத்தனை பேர் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பன்னிரண்டு பெண்கள், ஓர் ஆண் என்றேன்.

"ஆம்பளையா? கை வருமா அவருக்கு?"

வரும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தொலைபேசியில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பதின்மூன்று பேருக்கும் ஊசியும் நூலும் புதன்கிழமை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, "செல்விய கீழ வர வேணாம்னு சொல்லிடுங்க டீச்சரம்மா. ரூம்ல அவ பெட்டி ஒண்ணு இருக்குது. அதையும் அதே வண்டியில போட்டுடறேன்" என்றார்.

பெட்டி வளைவுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, அதற்குள் இருப்பவற்றைச் சொல்லிவிட்டு ஏற்றவேண்டும் என்றேன்.



"லிஸ்ட் போட்டுக் குடுத்துடறேன்" என்றார் அன்வர் பாய்.